வயலில் தேங்கிய மழைநீரை இறைக்க எந்த பம்பு வாங்கலாம்? மழைக்கு முன்பே போட வேண்டிய கணக்கு

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மீஞ்சூர், பொன்னேரி, சோழவரம் பக்கத்து விவசாயிகளிடமிருந்து ஒரே மாதிரியான அழைப்புகள் வரும். "சார், வயல்ல தண்ணி நிக்குது. இறைக்க ஒரு இன்ஜின் பம்பு வாங்கணும். எது நல்லது?" அந்த நேரத்தில் நிதானமாக விளக்கவும் முடியாது, கேட்பவருக்குப் பொறுமையும் இருக்காது. அதனால்தான் மழைக்கு முன்பே இதைப் பற்றிப் பேசிவிடலாம் என்று இந்தக் கட்டுரை.

சில ஆண்டுகளுக்கு முன் மீஞ்சூருக்கு வடக்கே ஒரு விவசாயியின் வயலுக்குப் போயிருந்தேன். 2 ஏக்கர் நெல். நட்டு பத்து நாள்தான் ஆகியிருந்தது. வயலில் 8 அங்குலம் தண்ணீர் நின்றது. அவசரத்துக்குக் கடைக்குப் போய், "60 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏற்றும்" என்று சொன்ன 2 அங்குல பம்பு ஒன்றை வாங்கி வந்திருந்தார். மூன்று நாள் பகல் முழுவதும் ஓட்டினார். பாதித் தண்ணீர்கூட குறையவில்லை, இடையில் மறுபடி மழை வேறு. நாற்று அழுகிவிட்டது. பம்பில் எந்தக் குறையும் இல்லை. அது மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் ஏற்றவும் தெளிப்பு நீர்ப் பாசனத்துக்கும் உள்ள பம்பு. அவருக்குத் தேவைப்பட்டதோ வரப்பைத் தாண்டி நான்கடி உயரம் ஏற்றினால் போதும், ஆனால் நிறையத் தண்ணீரைத் தள்ள வேண்டும் என்ற வேலை.

இந்தப் பகுதியில் தண்ணீர் ஏன் சீக்கிரம் வடிவதில்லை?

எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், காட்டூர், பழவேற்காடு வரை கடலோரச் சமவெளி. நிலத்தின் சரிவு மிகக் குறைவு. பூண்டி ஏரியில் உபரி நீர் திறந்தால் அது கொசஸ்தலை ஆற்றில் ஓடி எண்ணூர் முகத்துவாரத்தில்தான் கடலில் சேர வேண்டும். வடக்கே ஆரணி ஆறு பழவேற்காடு ஏரிக்குப் போகிறது. கடல் மட்டம் ஏறியிருக்கும் நேரத்திலும், முகத்துவாரம் மணலால் தூர்ந்திருக்கும் நேரத்திலும் ஆற்று நீரே மெதுவாகத்தான் இறங்கும். ஆறு இறங்கினால்தான் வடிவாய்க்கால் இறங்கும், வடிவாய்க்கால் இறங்கினால்தான் வயல் வடியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது இந்தப் பகுதி பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும்.

முதலில் பாருங்கள்: பம்பு தேவைதானா?

வயல் ஓரத்தில் ஒரு குச்சியும், வடிவாய்க்காலில் ஒரு குச்சியும் நட்டு, இரண்டு இடத்திலும் தண்ணீர் மட்டத்தை ஒப்பிடுங்கள். ரசமட்டக் குழாய் இருந்தால் இன்னும் சரியாகத் தெரியும்.

1. வாய்க்கால் மட்டம் வயல் மட்டத்தைவிடக் கீழே இருந்தால் வரப்பை வெட்டி விட்டாலே போதும். வெட்டக்கூடாத பொது வரப்பு என்றால், 4 அங்குல பி.வி.சி. குழாயில் முழுக்கத் தண்ணீர் நிரப்பி வரப்பின் மேல் வளைத்துப் போட்டால் (சைபன் முறை) செலவில்லாமல் வடியும்.

2. வாய்க்கால் மட்டம் மேலே இருந்தால் வரப்பை வெட்டாதீர்கள். வெளித் தண்ணீர் உள்ளே வந்துவிடும். முதலில் நண்டு வளை, எலி வளைகளை அடைத்து, தாழ்ந்த இடங்களில் மண் மூட்டை வைத்து வரப்பை உயர்த்துங்கள். அதன் பிறகுதான் பம்பு. கசியும் வரப்புக்குள் பம்பு ஓட்டினால் அதே தண்ணீரையே திரும்பத் திரும்ப இறைத்துக்கொண்டிருப்போம்.

3. கழிமுகத்துக்குப் பக்கத்து வயல்களில் கடல் ஏற்ற இறக்கம் தெரியும். சுமார் 6 மணி நேரம் ஏறும், 6 மணி நேரம் இறங்கும். இறங்கும் நேரத்தில் மடையைத் திறந்து, ஏறும் நேரத்தில் அடைத்தால் ஒரு பகுதித் தண்ணீர் தானாகவே போய்விடும். வெளியே இருப்பது உப்புத் தண்ணீர் என்பதால் அடைக்க மறந்துவிடக் கூடாது.

எவ்வளவு தண்ணீர் இருக்கிறது? மனக்கணக்கு

இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1 சென்ட் நிலத்தில் 1 அங்குலம் தண்ணீர் நின்றால் அது சுமார் 1,000 லிட்டர். 1 ஏக்கரில் 1 அங்குலம் என்றால் சுமார் 1 லட்சம் லிட்டர்.

மேலே சொன்ன விவசாயியின் வயலையே எடுத்துக்கொள்வோம். 2 ஏக்கர், 8 அங்குலம் தண்ணீர். நெல்லுக்கு 2 அங்குலம் விட்டுவிடலாம். வெளியேற்ற வேண்டியது 6 அங்குலம். 200 சென்ட் × 6 அங்குலம் × 1,000 லிட்டர் = 12 லட்சம் லிட்டர்.

இதை இரண்டு பம்புகளுக்குப் பொருத்திப் பாருங்கள்.

- 2 அங்குல, அதிக அழுத்த பம்பு: நிமிடத்துக்கு 300 லிட்டர் கொடுத்தால் மணிக்கு 18,000 லிட்டர். 12 லட்சம் லிட்டருக்கு 67 மணி நேரம்.
- 3 அங்குல, அதிக நீர் தரும் பம்பு: நிமிடத்துக்கு 600 லிட்டர் கொடுத்தால் மணிக்கு 36,000 லிட்டர். 33 மணி நேரம்.

இடையில் 2 அங்குலம் மழை பெய்தால் மேலும் 4 லட்சம் லிட்டர் சேரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இளம் நெற்பயிர் முழுவதும் மூழ்கிக் கிடந்தால் சில நாட்களில் அழுகத் தொடங்கும். எனவே இரண்டு நாளுக்குள் தண்ணீரை இறக்கிவிடும் அளவுக்குப் பம்பு இருக்க வேண்டும். காய்கறி, நிலக்கடலை, கீரை போன்றவற்றுக்கு அந்த அவகாசமும் கிடையாது. ஒரு நாளுக்குள் வேர்ப்பகுதி காற்றாட வேண்டும்.

எச்.பி.யை மட்டும் பார்க்காதீர்கள்

பம்பின் தகட்டில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, அதிகபட்சம் எவ்வளவு உயரம் ஏற்றும் (ஹெட்). மற்றொன்று, நிமிடத்துக்கு அதிகபட்சம் எத்தனை லிட்டர் தரும் (டிஸ்சார்ஜ்). இந்த இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. அதிகபட்ச உயரத்தில் வெளிவரும் தண்ணீர் ஏறக்குறைய பூஜ்யம். அதிகபட்ச நீர் அளவு கிடைப்பது உயரமே இல்லாதபோது.

வயல் தண்ணீரை வரப்புக்கு மேல் தூக்கி வாய்க்காலில் விட 1 முதல் 2 மீட்டர் உயரம் போதும். எனவே கடைக்காரரிடம், "உயரம் குறைவாக இருக்கட்டும், தண்ணீர் நிறைய வர வேண்டும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். தகட்டில் உள்ள அதிகபட்ச லிட்டரில் 60 சதவீதம்தான் வயலில் கிடைக்கும் என்று வைத்துக் கணக்கிட்டால் ஏமாற்றம் இருக்காது.

எந்த வகை யாருக்கு ஏற்றது?

*2 அங்குல பெட்ரோல் பம்பு:* 50 சென்ட் வரையிலான காய்கறித் தோட்டம், நாற்றங்கால், வீட்டு முற்றம் ஆகியவற்றுக்கு. ஒருவரே தூக்கிச் செல்லலாம்.

*3 அங்குல பெட்ரோல் பம்பு:* 1 முதல் 2 ஏக்கர் வரை உள்ளவர்களுக்குப் பொதுவாக ஏற்றது. இரண்டு பேர் சேற்றில் வரப்பு வழியே தூக்கிப் போக முடியும். மழைக்காலத்தில் வண்டி போகாத வயலுக்கு இது பெரிய வசதி. எரிபொருள் மணிக்கு 1 முதல் 1.5 லிட்டர் ஆகும்.

*டீசல் இன்ஜின் பம்பு (5 எச்.பி. அல்லது அதற்கு மேல்):* எரிபொருள் செலவு குறைவு, நீண்ட நேரம் ஓடும், அதிக நாள் உழைக்கும். ஆனால் எடை அதிகம். வயல் வரை பாதை இருந்தால், கோடையில் பாசனத்துக்கும் பயன்படும் என்றால் வாங்கலாம்.

*டிராக்டரில் இணைக்கும் பம்பு:* 5 ஏக்கருக்கு மேல் உள்ளவர்களுக்கும் குழுவாக வாங்குவோருக்கும். டிராக்டர் நிற்க மேடான, கெட்டியான இடம் வாய்க்கால் ஓரத்தில் இருக்க வேண்டும்.

*புரொப்பல்லர் பம்பு:* நீண்ட குழாய்க்குள் விசிறி சுழன்று தண்ணீரைத் தள்ளும் வகை. 1–2 மீட்டர் உயரத்துக்கு, அதே எரிபொருளில் சாதாரண பம்பைவிடக் கணிசமாக அதிகத் தண்ணீர் தரும். கடல் மட்டத்துக்கும் கீழே நெல் விளையும் கேரளத்தின் குட்டநாட்டில் 'பெட்டியும் பறையும்' என்ற பெயரில் இதே தத்துவத்தில்தான் பல தலைமுறையாகத் தண்ணீரை வெளியேற்றுகிறார்கள். வியட்நாமின் மீகாங் கழிமுகத்திலும் சிறு இன்ஜினில் இணைத்துப் பயன்படுத்துகிறார்கள். விசிறி எப்போதும் நீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும் என்பதால் ஆழமான குழி அல்லது வாய்க்கால் தேவை. ஊருக்கு ஒன்று என்று குழுவாக வாங்க ஏற்றது.

*மின் மோட்டார்:* விவசாய இணைப்பு இருந்தாலும் வெள்ள நேரத்தில் இதை நம்ப முடியாது. பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள், மோட்டார் அறையிலும் தண்ணீர் புகுந்திருக்கும். வடிகால் வேலைக்கு இன்ஜின்தான் சரி.

சேறும் வைக்கோலும்

மழைத் தண்ணீரில் வைக்கோல், களை, சேறு எல்லாம் வரும். தெளிந்த நீருக்கான பம்பின் இம்பெல்லர் (உள் விசிறி) சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். சேற்று நீர் இறைக்கும் வகை பம்பில் இம்பெல்லர் இடைவெளி அகலமாக இருக்கும், மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்வதும் எளிது. விலை கூடுதல். சாதாரண பம்பு வாங்கினால் கீழ்க்கண்டபடி செய்யுங்கள்.

வயலின் தாழ்ந்த மூலையில் 3 அடிக்கு 3 அடி, 2 அடி ஆழத்தில் ஒரு குழி வெட்டுங்கள். அதற்குள் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கூடை அல்லது மூங்கில் கூடையை வைத்து, அதற்குள் உறிஞ்சு குழாயின் சல்லடையை இறக்குங்கள். சல்லடை தரையைத் தொடக் கூடாது, நீர்மட்டத்துக்குக் கீழே ஓர் அடியாவது இருக்க வேண்டும். தண்ணீர் சுழித்துக்கொண்டு காற்று உள்ளே போனால் பம்பு இறைக்காது. "பம்பு சரியில்லை" என்று வரும் புகார்களில் பலவற்றுக்குத் தீர்வு இந்தக் குழிதான்.

ஓஸ் வாங்குவதில் மிச்சம் பிடிக்காதீர்கள்

பம்பு வாங்கிவிட்டு, வீட்டில் இருக்கும் சிறிய ஓஸை மாட்டுவது பலர் செய்யும் தவறு. 3 அங்குல ஓஸில் நிமிடத்துக்கு 600 லிட்டர் தண்ணீர் 100 மீட்டர் தூரம் போனால், குழாயின் உராய்வினால் மட்டும் சுமார் 6 மீட்டர் உயரம் ஏற்றுவதற்குச் சமமான இழப்பு. அதே தண்ணீரை 2 அங்குல ஓஸில் அனுப்ப முயன்றால் இழப்பு 40 மீட்டரைத் தாண்டும். அதாவது அவ்வளவு தண்ணீர் வராது. 4 அங்குல ஓஸ் என்றால் இழப்பு 2 மீட்டருக்குள் அடங்கிவிடும்.

எனவே:

- பம்பின் வாய் எத்தனை அங்குலமோ, ஓஸும் அதே அளவு அல்லது பெரியதாக இருக்கட்டும்.
- தூரம் 50 மீட்டரைத் தாண்டினால் ஒரு அளவு பெரிய ஓஸ் போடுங்கள்.
- உறிஞ்சும் பக்கம் கம்பிச்சுருள் உள்ள கெட்டி ஓஸ்தான் வேண்டும். மெல்லிய ஓஸ் உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும்.
- வெளியேற்றும் பக்கம் சுருட்டி வைக்கும் தட்டை ஓஸ் போதும்.
- ஓஸின் முனையைத் தேவைக்கு மேல் உயரத் தூக்கிக் கட்டாதீர்கள். வாய்க்காலின் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருந்தால் போதும்.

உப்பு நீரும் ஆலைப்பகுதி நீரும்

கழிமுகம், பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் உப்புக் கலந்த நீரை இறைக்க நேர்ந்தால், வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் பம்பைப் பத்து நிமிடம் ஓட்டிக் கழுவுங்கள். பெட்ரோல் பம்புகளின் அலுமினிய உடலை உப்பு அரித்துவிடும். தொடர்ந்து உப்பு நீரில் வேலை என்றால், அதற்கு ஏற்ற பம்பு எது என்று கடையிலேயே கேட்டு வாங்குங்கள்.

2023 டிசம்பர் மழையின்போது மணலி தொழிற்பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய், வெள்ளத்தோடு கலந்து எண்ணூர் கழிமுகம் வரை பரவியது. மீனவர்களின் படகும் வலையும் பாழானதைப் பார்த்தோம். தொழிற்பகுதிக்குக் கீழே உள்ள வயல்களில் நீரின் மேல் எண்ணெய்ப் படலமோ, ரசாயன வாடையோ இருந்தால் பம்பை ஓட்டாதீர்கள். பெட்ரோலிய எண்ணெய் கலந்த நீருக்கு அருகில் இன்ஜின் ஓட்டுவது தீ அபாயம். அந்த நீரைப் பக்கத்து வயலுக்குத் தள்ளுவதும் கூடாது. கிராம நிர்வாக அலுவலரிடமும் வேளாண் உதவி அலுவலரிடமும் உடனே தெரிவித்துப் பதிவு செய்யுங்கள்.

இன்னொன்று. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரில் கடல் நீர் புகுந்து கிணறுகள் உப்பானது பழைய கதை. அப்படிப்பட்ட ஊரில் வானத்திலிருந்து வரும் நல்ல தண்ணீரை எல்லாம் கடலுக்குத் தள்ளுவது நமக்குத்தான் நஷ்டம். பக்கத்தில் குளமோ பண்ணைக் குட்டையோ இருந்தால் முதலில் அதை நிரப்புங்கள். உரமும் மருந்தும் கலந்திருக்கும் என்பதால் குடிநீர்க் கிணற்றில் மட்டும் விடாதீர்கள்.

கடையில் கேட்க வேண்டியவை

1. 2 மீட்டர் உயரத்தில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்? அதற்கான வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள்.
2. பேரல் சோதனை: 200 லிட்டர் பேரல் 20 விநாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 600 லிட்டர். 40 விநாடி ஆனால் 300 லிட்டர்தான். கடையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.
3. சீல், இம்பெல்லர், கார்புரேட்டர் போன்ற உதிரி பாகங்கள் பொன்னேரியிலோ மீஞ்சூரிலோ கிடைக்குமா, பாரிமுனைக்குத்தான் ஓட வேண்டுமா?
4. எடை எவ்வளவு? நீங்களும் வீட்டில் இன்னொருவரும் சேர்ந்து தூக்க முடியுமா? தூக்கிப் பார்த்து வாங்குங்கள்.
5. ரசீது, உத்தரவாத அட்டை, ஓஸ் கிளாம்ப், சல்லடை எல்லாம் சேர்த்து விலை எவ்வளவு?

சொந்தமாக வாங்குவதா, சேர்ந்து வாங்குவதா?

வடிகாலுக்கு மட்டும் என்றால் இந்த பம்பு வருடத்தில் ஐந்து, பத்து நாள்தான் ஓடும். மேலே சொன்ன 2 ஏக்கர் கணக்கில் 33 மணி நேரத்துக்கு 33 முதல் 50 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்றால் 3,300 முதல் 5,000 ரூபாய் வரை எரிபொருளுக்கே போகும். ஓர் ஏக்கருக்குக் குறைவாக உள்ளவர் தனியாக வாங்குவதைவிட, ஒரே வாய்க்காலில் வடியும் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு பெரிய பம்பு வாங்குவது லாபம். யார் வயலில் முதலில் ஓட்டுவது என்பதை மழைக்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். தண்ணீர் நிற்கும்போது பேசினால் சண்டைதான் வரும். தாழ்ந்த வயலும், இளம் பயிரும் முதலில் என்று வைத்துக்கொள்வது நியாயமாக இருக்கும்.

வேளாண் பொறியியல் துறையில் இயந்திரங்களை வாடகைக்குத் தருகிறார்கள். மானியத் திட்டங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். மானியம் வேண்டும் என்றால் வாங்குவதற்கு முன்பே துறை அலுவலகத்தில் விசாரித்து விண்ணப்பியுங்கள். 'உழவன்' செயலியிலும் பார்க்கலாம்.

உயிர் முக்கியம்

- அறுந்து கிடக்கும் மின்கம்பி, நீரில் மூழ்கிய மோட்டார் அறை இவற்றின் பக்கம் போகாதீர்கள். மின்னகம் எண் 94987 94987-க்குத் தகவல் சொல்லி, மின்சாரம் நிறுத்தப்பட்டது உறுதியான பிறகே வயலில் இறங்குங்கள்.
- மழைக்கு நனையாமல் இருக்க இன்ஜினை மோட்டார் அறைக்குள் வைத்து ஓட்டவே கூடாது. கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுவதும் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மயங்கி விழும் வரை தெரியாது. திறந்த வெளியில், மேலே மட்டும் தார்ப்பாய் கட்டி ஓட்டுங்கள்.
- இன்ஜின் சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றாதீர்கள். நிறுத்திப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள்.
- பம்புக்குள் தண்ணீர் ஊற்றாமல் இன்ஜினைத் தொடங்காதீர்கள். வறண்டு ஓடினால் சீல் எரிந்துவிடும்.
- வெள்ளத்தில் பாம்புகள் வரப்பு மேட்டுக்கு வந்துவிடும். இரவில் பூட்ஸும் டார்ச்சும் இல்லாமல் இறங்க வேண்டாம்.

தண்ணீர் வடிந்த பிறகு

நெல்லில் தண்ணீர் இறங்கியதும் உடனே மேலுரம் கொட்டாதீர்கள். பயிர் புது வேர் விட்டுத் தெளியட்டும். இலை மஞ்சளானால் ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ துத்தநாக சல்பேட்டை 200 லிட்டர் நீரில் கலந்து மழையில்லாத நாளில் இலைவழியாகத் தெளிக்கலாம். ஆண்டுதோறும் மூழ்கும் வயல் என்றால், அடுத்த முறை சி.ஆர். 1009 சப் 1 போன்ற, சில நாள் மூழ்கினாலும் தாங்கும் ரகத்தைப் பற்றி விசாரியுங்கள். பம்பு ஓட்டும் செலவைவிட விதை மாற்றும் செலவு குறைவு.

புரட்டாசியிலேயே செய்துவிடுங்கள்

போன வருடத்துப் பெட்ரோலை வடித்துவிட்டுப் புதியது ஊற்றுங்கள். இன்ஜின் ஆயிலை மாற்றுங்கள். ஒரு பேரல் தண்ணீர் வைத்துப் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ஓஸில் எலி கடித்த ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கிளாம்ப், ஒரு ஸ்பார்க் பிளக் கூடுதலாக வாங்கி வையுங்கள். வயலின் தாழ்ந்த மூலை எது, தண்ணீரை எந்த வாய்க்காலில் விடுவது என்பதைக் காய்ந்த நிலத்திலேயே பார்த்து, பக்கத்து வயல்காரரிடமும் சொல்லி வையுங்கள்.

அந்த மீஞ்சூர் விவசாயி இப்போது பக்கத்து வயல்காரர்கள் மூவருடன் சேர்ந்து 3 அங்குல பம்பு வைத்திருக்கிறார். பழைய 2 அங்குல பம்பை மேட்டில் இருக்கும் கத்தரித் தோட்டத்துக்குத் தண்ணீர் ஏற்றப் பயன்படுத்துகிறார். அதற்கான வேலையில் அது நன்றாகவே ஓடுகிறது.

சந்தேகம் இருந்தால் திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ, உங்கள் வட்டார வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தையோ அணுகலாம். கிசான் கால் சென்டரின் 1800 180 1551 என்ற கட்டணமில்லா எண்ணிலும் தமிழில் பேசலாம். வயலின் பரப்பு எத்தனை சென்ட், தண்ணீர் எத்தனை அங்குலம், வாய்க்கால் எவ்வளவு தூரம் என்ற மூன்று விவரத்தையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். சரியான பதில் கிடைக்கும்.